தரம் உயர்த்தப்பட்ட படம்

பேருந்து ஓட்டுநரின் மனைவிக்கு நுரையீரலில் கிருமி என்று சொல்லி, அவளைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. கதவிலிருந்த வட்டக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஓட்டுநர் கிட்டே போனார். உள்பக்கம் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. காவலாளி அவர் தோளைத் தொட்டு, இப்படி நின்று எட்டிப் பார்க்கிற வழக்கமெல்லாம் இந்த மருத்துவமனையில் கிடையாது, பார்ப்பதற்கென்றே தனிக் கூடம் இருக்கிறது, அதற்கென்று அதிகாரியும் இருக்கிறார் என்று பெருமை பொங்கச் சொல்லி, தரைத்தளத்துக்கு வழிகாட்டினார்.

அந்த இடத்துக்கு உறவினர் காட்சிக்கூடம் என்று பெயர். கணுக்கால்வரை புதையும் கம்பளம், சாய்ந்தால் பின்னால் போகும் நாற்காலிகள், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. எட்டு மூலையிலிருந்தும் எட்டு ஸ்பீக்கர்கள் ஓட்டுநரைக் குனிந்து பார்த்தன. அறைக்கு நாலு மூலைதானே என்று அவர் நினைத்தார்; மீதி நாலும் கூரையிலிருந்தன. டிவிக்குக் கீழே ஒரு கண்ணாடி அலமாரிக்குள், பிரம்பு நாற்காலி அகலத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, தன்பாட்டுக்குச் சூடாகி உட்கார்ந்திருந்தது. முதல் முறை வருகிறவர்கள் எல்லோரும் டிவியைப் பார்ப்பார்கள். காட்சி அதிகாரி அவர்கள் முகத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பிவிடுவார்.

அது ஹோம் தியேட்டர் ரிசீவர். எல்லா வயரும் முதலில் அதற்குள் போய், படம் டிவிக்கும் சத்தம் ஸ்பீக்கருக்கும் அங்கிருந்து பிரிந்து போகவேண்டும். மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர் தன் வீட்டில் வைத்திருந்ததாம். அவர் வீட்டுக்கு இதைவிடப் பெரியது வந்துவிட்டதால், நோயாளிகள்மேல் இரக்கப்பட்டு இதை இங்கே கொடுத்துவிட்டார். உள்ளே ஒவ்வொரு படுக்கைக்கு மேலேயும் ஒரு கேமரா. அத்தனை கேமராவின் படமும் இந்தப் பெட்டிக்குள் வந்து தரம் உயர்ந்து வெளியே போகும் என்று அதிகாரி சொன்னார்.

அதிகாரி ரிமோட்டை எடுத்தார். "உங்க வீட்டம்மா டிவிடியில இருக்காங்க" என்றார்.

ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் விளக்கம் கிடைத்தது. பெட்டியின் முதுகில் வயர் சொருகுகிற துளைகளுக்குத் தயாரித்தவனே பெயர் வைத்து அனுப்பியிருந்தான்: டிவிடி, கேபிள், கேம், சாட்டிலைட் என்று. அதை மாற்றத் தலைவரின் அனுமதி வேண்டும். ஆகவே நோயாளிகள் அந்தப் பெயர்களிலேயே இருந்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் அப்பா கேமில் இருந்தார். அதற்கு அவள் எப்போதோ பழகிவிட்டிருந்தாள்.

டிவியில் படம் வந்தது. ஓட்டுநர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அடைமழையில் வைப்பர் நின்றுபோன கண்ணாடி வழியாக எதிரே வரும் லாரியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெளுத்த பச்சையில் ஒரு கட்டில், அதில் கழுத்துவரை போர்வை, தலையில் துணித்தொப்பி, மூக்கையும் வாயையும் மூடிய குழாய். நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ இருந்தது. ஆனால் சத்தம் இருந்ததே, சத்தம்! மூச்சு இயந்திரம் பின்னாலிருந்து இழுத்து முன்னால் விட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் நாற்காலி அதிர்ந்தது. ஓட்டுநர் கண்ணில் நீர் முட்டியது. கூடவே ஒரு குற்ற உணர்ச்சி; தன் மனைவி மூச்சுவிடுவதை இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். பேசினால் கட்டில் பக்கத்து ஸ்பீக்கரில் நோயாளிக்குக் கேட்கும். என்ன பேசுவதென்று தெரியாமல், "என்னம்மா, நான்தான்" என்றார். படத்திலிருந்த உருவம் மெல்ல ஒரு கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டியது. கூடத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அதிகாரி ரிசீவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அன்றிலிருந்து ஓட்டுநர் பணிக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையும் மாலையும் காட்சிக்கூடத்தில் கிடந்தார். தன் முறை வரும்போது மைக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். சமையலறைக் குழாய் ஒழுகுவதைச் சொன்னார். அவள் அழுத்தி அழுத்திச் சொல்லியும் கேளாமல் குக்கரை அடிப்பிடிக்க விட்டதை ஒப்புக்கொண்டார். வீட்டுக் கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் மடித்த துணியைக் குவித்துவைத்துவிட்டுத் தன் பக்கத்திலேயே தூங்குவதையும், அது ஏன் என்று தனக்கே தெரியவில்லை என்பதையும் ஒரு நாள் சொன்னார். எல்லாவற்றுக்கும் இரண்டு விரல் பதிலாக வந்தது. கல்யாணமான நாள் முதல் அவர் பேச்சை அவள் இத்தனை பொறுமையாகக் கேட்டது இப்போதுதான்.

படம் மட்டும்தான் உறுத்தியது. ஒரு நாள் கூடத்தின் பொறியாளர் வந்தபோது, படம் தெளிவாக வருவதற்கு ஏதாவது செய்யமுடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பொறியாளர் அக்கறையுள்ள மனிதர். உடனே அலமாரியைத் திறந்து ஒரு மணி நேரம் உழைத்துச் சத்தத்தைச் சரிசெய்தார். பெட்டியில் பலவகைச் சத்தம் இருந்தது. கச்சேரி மண்டபம் என்ற வகையில் வைத்துப் பார்த்தார். நோயாளிகள் முனகுவது இனிமையாக இருந்தாலும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது. விளையாட்டு அரங்கம் என்று மாற்றினார். கேமில் இருந்த பெரியவர் இருமினார். ஐம்பதாயிரம் பேர் எழுந்து நின்று இருமியதுபோல் இருந்தது. அவர் மகள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். இதுதான் எடுப்பாக இருக்கிறது என்று பொறியாளர் அதிலேயே விட்டுவிட்டார்.

ஓட்டுநர் மறுபடி படத்தைப் பற்றிக் கேட்டார். கேமராவிலிருந்து வரும் வயரை இந்தப் பெட்டிக்குள் விடாமல் நேராக டிவியில் சொருகினால் என்ன என்றும், தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

பொறியாளர் அதிகாரியைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரு குழந்தை கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டதுபோல் சிரித்துக்கொண்டார்கள்.

"நேரா போனா அது வெறும் படம் சார்" என்றார் பொறியாளர். "உள்ள என்ன இருக்கோ அப்படியே காட்டும். அதுல என்ன இருக்கு? ரிசீவர் வழியா வந்தாத்தான் அது தரம் உயர்த்தப்பட்ட படம்."

"எனக்கு முகம் தெரியலீங்க" என்றார் ஓட்டுநர்.

"தரம் உயரும்போது சில விஷயம் கீழ நின்னுடும்" என்றார் பொறியாளர், ஆறுதலாக.

அந்த வார இறுதியில் மனைவியின் தங்கை ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அழகுநிலையம் நடத்துகிறவள். யாரிடமும் எதிலும் காத்திருந்து பழக்கமில்லாதவள். ஓட்டுநர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கம்போல் மைக்கில், "உன் தங்கச்சி வந்திருக்கா, பாரு" என்றார். இரண்டு விரல் எழுந்தது. அவளும் முதலில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் துடைப்பதை நிறுத்தி, எழுந்து டிவிக்குக் கிட்டே போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"மாமா, அக்கா புருவம் இப்படி இருக்காது" என்றாள்.

உடம்பு சரியில்லாதவள், புருவத்தையெல்லாம் யார் கவனிக்கிறார்கள் என்று ஓட்டுநர் சமாதானம் சொன்னார். மாதாமாதம் அக்காளுக்குப் புருவம் திருத்துகிறவளே தான்தான், இது ஒரு மாதத்தில் வளர்கிற வளர்த்தி இல்லை என்று அவள் சாதித்தாள். படம் மங்கல், அதனால் அப்படித் தெரிகிறது என்றார் அவர். அப்படியானால் மங்கலை முதலில் சரிசெய்வோம் என்றாள். அதிகாரி தேநீர் குடிக்கப் போயிருந்தார். பெட்டி ரொம்பச் சூடாகிறது என்று பொறியாளர் அலமாரியைத் திறந்தே வைத்திருந்தார். ஓட்டுநர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க, அவள் மண்டியிட்டுப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, டிவிடி என்று எழுதியிருந்த துளையிலிருந்து வயரைப் பிடுங்கி நேராக டிவியில் சொருகினாள்.

திரை ஒரு கணம் இருண்டது. பிறகு படம் வந்தது. போர்வையின் நெசவு தெரிந்தது. தலையணையில் மருத்துவமனை முத்திரை தெரிந்தது. குழாயை யாரோ அப்போதுதான் கழற்றியிருந்தார்கள். தொப்பிக்குக் கீழே, ஏறக்குறைய எண்பது வயதிருக்கும் ஒரு பெரியவர், அடர்த்தியான வெள்ளை மீசையோடு, கேமராவை ஆவலாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பேச்சு பாதியில் நின்றுபோனதால் என்னவோ ஏதோ என்று நினைத்தவர்போல் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

ஓட்டுநருக்குக் குக்கர் ஞாபகம் வந்தது. குழாய் ஞாபகம் வந்தது. மடித்த துணியைக் குவித்துவைத்துக்கொண்டு தூங்கியது ஞாபகம் வந்ததும் காது சிவந்துபோனது. அவர் கையிலிருந்த மைக்கைத் தரையில் வைத்தார்.

முன்வரிசைப் பெண், தன் அப்பாவின் வயரையும் அப்படிச் சொருகிக் காட்டச் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, வேண்டாம் என்று சாய்ந்துகொண்டாள்.

விசாரணை மறுநாளே நடந்தது. ஆள் மாறிய விஷயத்தை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஓட்டுநர் நம்பிப் போனார். வயர் மாறிய விஷயத்தை விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மனைவியின் தங்கைக்குக் காட்சிக்கூடத்தில் நுழைய நிரந்தரத் தடை விதித்தார்கள். தடுக்கத் தவறியதற்காக ஓட்டுநரைக் கண்டித்தார்கள். அவர் எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு, கடைசியில் தன் மனைவி எங்கே என்று மட்டும் கேட்டார்.

அதிகாரி ஒளிவுமறைவு இல்லாதவர். அவள் எட்டாம் படுக்கையில் இருக்கிறாள், நேற்றுவரை பத்திரமாக இருந்தாள் என்றார். பெட்டியில் துளை ஏழுதான். படுக்கை எட்டு. தலைவர் வீட்டில் எட்டாவது துளைக்குத் தேவை இருந்ததில்லை.

"எட்டாவதுக்கு வந்தவங்க கிட்ட இல்லன்னு சொல்லி அனுப்ப எங்களுக்கு மனசு வரல" என்றார் அதிகாரி. "மூணாம் படுக்கைக்குத் துளை இருந்துச்சு, பார்க்க ஆள் இல்ல. பெரியவருக்கு யாருமே கிடையாது. உங்களுக்கு ஆள் இருந்தாங்க, துளை இல்ல. யாருமில்லாத நோயாளி, நோயாளியில்லாத உறவினர். ரெண்டு பேரையும் சேர்த்து வச்சோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவரு என் சம்சாரம் இல்லீங்களே."

"நேத்து வரைக்கும் நீங்க அப்படி ஒரு புகார் கொடுக்கல. எங்க கூடத்துல இதுவரைக்கும் ஆள் மாறிடுச்சுன்னு யாருமே புகார் கொடுத்தது கிடையாது. எங்க படத்தோட தரம் அப்படி."

பொறியாளரும் தன் பங்குக்கு ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்தினார். அவர்கள் பார்த்தது தரம் உயர்த்தப்படாத படம். அதில் தெரிகிற எதற்கும் நிர்வாகம் பொறுப்பேற்க முடியாது. அதோடு, பெரியவர் உறவினரின் ஆதரவால் நன்றாகத் தேறிவருவதாக மருத்துவரே பாராட்டியிருக்கிறார். திடீரென்று பேச்சை நிறுத்தினால் அவர் உடல்நிலைக்கு யார் பொறுப்பு என்றும் கேட்டார். ஓட்டுநருக்கு, தன் மனைவியிடம் இத்தனை நாளும் யார் பேசினார்கள் என்று கேட்கத் தோன்றியது அவர் வீட்டுக்குப் போன பிறகுதான்.

மறுநாள் மாலை அவர் மறுபடி கூடத்தில்தான் இருந்தார். வேறெங்கே போவது? மேலே கதவில் தாள் ஒட்டியிருந்தது. நோயாளியைப் பற்றி எதைக் கேட்டாலும் செவிலியர்கள், கீழே காட்சிக்கூடத்தில் தெரிந்துகொள்ளுங்கள் என்று சொல்லும்படி பழக்கப்பட்டிருந்தார்கள். எட்டாம் படுக்கையின் கேமரா முன்னாலும் ஒரு செவிலி தினமும் நின்று, நிலைமையை எடுத்துச் சொல்லத்தான் செய்கிறாள் என்று அதிகாரி உறுதி சொன்னார். அந்த வயரின் மறுமுனை அலமாரிக்குப் பின்னால் எதிலும் சொருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் அதைப் போய்ப் பார்த்தார். கையில் எடுத்துக்கூடப் பார்த்தார். பிறகு அதிகாரி பார்த்துவிடுவாரோ என்று பயந்து கீழே விட்டுவிட்டார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற மனிதர்தான் அவர். அந்தக் கம்பளத்தில் கால் வைத்ததும் என்னவோ கைகால் ஓடவில்லை.

அதிகாரி அவரிடம் மைக்கை நீட்டினார். மங்கலில் பெரியவர் காத்திருந்தார். ஓட்டுநர் மைக்கை வாங்கி, "ஐயா, சாப்பிட்டீங்களா" என்றார். இரண்டு விரல் உடனே எழுந்தது.

தலைவரிடமே முறையிட்டுவிடுவது என்று ஒரு நாள் ஓட்டுநர் மருத்துவமனை வாசலில் நின்று அவர் காரை மறித்தார். தலைவர் இறங்கிவந்து தோளில் கைபோட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு மனம் கலங்கிப்போனார். ஒரு துளைக்காக ஒரு குடும்பம் தவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அங்கேயே அறிவித்தார். ஓட்டுநர், தன்னை ஒரே ஒரு நிமிஷம் மேலே அனுப்பினால் போதும், வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். தலைவருக்கு அது காதில் விழவில்லை. புதுப் பெட்டியைத் திறந்துவைக்க எந்த நாள் தோதுப்படும் என்று அவர் அதிகாரியோடு பேசத் தொடங்கியிருந்தார்.

புதுப் பெட்டி வந்தது. பத்துத் துளை. தொடக்க விழாவுக்குக் கூடத்தை அலங்கரித்து, ஓட்டுநரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். விழாவின் காரணமே அவர்தான் என்பதால் சட்டையில் ஒரு ரோஜாவும் குத்திவிட்டார்கள். அவர் காலையிலேயே முகம் மழித்து, அவளுக்குப் பிடித்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கலாமே தவிர அவளுக்கு அவர் தெரியமாட்டார் என்பது பாதி வழியில்தான் உறைத்தது.

தலைவர் பேசினார். மனிதனுக்கு நோய் வரலாம், ஆனால் மங்கல் வரக்கூடாது என்றார். மற்ற மருத்துவமனைகள் நோயாளியைக் குணப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன; நாம் ஒரு படி மேலே போய், அவர்களைக் காட்டுகிறோம் என்றார். கூட்டம் கைதட்டியது. அவர் ரிமோட்டில் எட்டாம் எண்ணை அழுத்தினார்.

திரை முழுக்க நீலமாக நின்றது. ஓரத்தில் சின்ன எழுத்தில் சிக்னல் இல்லை என்று இருந்தது.

ஓட்டுநர் எழுந்து நின்றுவிட்டார். தலைவர் அசரவில்லை. "இந்த நீலத்தைக் கவனிக்கணும்" என்றார். "பழைய பெட்டியில இவ்வளவு ஆழமா ஒரு நீலம் வந்திருக்குமா?"

வராது என்று பொறியாளர் உறுதிப்படுத்தினார். பிறகு குனிந்து வயரைப் பார்த்தார், சரியாக இருந்தது. துளையைப் பார்த்தார், சரியாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவோடு தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, கேமராவிலும் கோளாறு இல்லை, எட்டாம் படுக்கை காலியாக இருப்பதால் அணைத்துவைத்திருக்கிறார்கள் என்றார். நம் பக்கம் எந்தத் தவறும் இல்லை என்று அவர் முகம் மலர்ந்தது.

படுக்கை காலி என்றால் என்ன அர்த்தம் என்று ஓட்டுநர் கேட்டார். மறுபடி கேட்டார். அதிகாரி அவரைப் பக்கத்தில் அழைத்துப்போய், திரையில் வருவதைத்தான் தன்னால் சொல்லமுடியும், திரையில் வராததைச் சொல்ல தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அப்படி ஏதாவது நடந்திருந்தாலும், விதிப்படி அதைக் கேமரா முன்னால் நின்று அறிவித்திருப்பார்கள், கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். பின்னால் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எட்டு ஸ்பீக்கரிலும் கைதட்டல் எதிரொலித்தது. ஓட்டுநர் நாற்காலியில் விழுந்தார். அது பாட்டுக்குப் பின்னால் சாய்ந்து, அவரைக் கூரையைப் பார்க்கவைத்தது.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவியின் தங்கை. கூடத்துக்குள் விடாததால், அவள் வந்த நாளெல்லாம் மருத்துவமனையின் தாழ்வாரங்களில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மாடியாகக் கதவைத் திறந்து பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை.

"மாமா, அக்கா ரெண்டாவது மாடியில பொது வார்டுல இருக்கா. கஞ்சி குடிக்கறா" என்றாள். கூடவே, "வந்து நாலஞ்சு நாளாச்சாம். உங்க மேல பயங்கர கோவத்துல இருக்கா" என்றாள்.

ஓட்டுநர் எப்படி மாடி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வார்டில் இரண்டு பக்கமும் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலு பேர், பழம் நறுக்கிக்கொண்டும் கால் பிடித்துவிட்டுக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் பாதியாக இளைத்துப்போய் ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் போன் அவர் பையில்தான் இருந்தது, சேர்த்த அன்றே அவளிடமிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தது. ஆள் வரவில்லையே என்று அவள் தினமும் செவிலியிடம் கேட்டிருக்கிறாள். சொல்லியாச்சு, சொல்லியாச்சு என்றே பதில் வந்திருக்கிறது.

அவர் கட்டில் பக்கத்தில் போய் நின்றார். சட்டையில் ரோஜா இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஆள் வந்தாங்க" என்றாள். தொண்டை கட்டி, காற்றாகத்தான் வந்தது குரல். "அந்தக் குழாயோட அத்தனை நாள் கிடந்தேன். ஒரு குரல்கூட கேக்கல. சரி, உள்ள விடமாட்டாங்கன்னு நினைச்சேன். இங்க வந்தும் வரலன்னா?"

"நான் எங்கயும் போகல. கீழதான் இருந்தேன்."

"கீழ என்ன பண்ணீங்க?"

"உன்னைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் இருந்த இடத்தில் வேறு ஏதோ, கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்கிற ஆசை மாதிரி ஒன்று, மெல்ல வந்தது.

"எப்படி இருந்தேன்?" என்று கேட்டாள்.

தங்கை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. ஓட்டுநர் முக்காலியிலிருந்த தம்ளரை எடுத்து மனைவிக்குத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை, குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் குழாய்ப்பட்டை அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்ன அப்படி முறைச்சுப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார். "நீதானான்னு பாக்கறேன்."

அவள் தம்ளரை அவர் கையில் திணித்துவிட்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலம்வரை அவரோடு பேசவில்லை.